பதினேழு அங்குலத்தில் ஒரு கல்யாணம்

அந்த மானிட்டரை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில்தான் கொண்டுவந்தேன். ஆட்டோ பிடித்திருக்கலாம். ஆனால் ஆட்டோவில் வந்தால் யார் பார்ப்பார்கள்? பதினேழு அங்குலம் ஐயா, பதினேழு அங்குலம்! தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பக்கம் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களே கொஞ்சம். அவர்களிடம் இருந்ததும் பதினாலு அங்குலம்தான். அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாதி வழியிலேயே தொடை இரண்டும் மரத்துவிட்டன. கண்டக்டர் வந்து, "இது என்னது, டிவியா?" என்றார்.

"டிவியா! டிவியெல்லாம் இதுக்கிட்ட பிச்சை வாங்கணும்" என்றேன்.

"அம்புட்டுப் பெரிய ஆளா? அப்ப அவருக்கும் ஒரு டிக்கெட் போட்டுருதேன்" என்று கிழித்துக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். எழுந்து நின்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். மடியில் பெட்டி இருந்ததால் அவர் தப்பித்தார்.

ராஜபாளையத்து பேண்டேஜ் துணிக் கம்பெனிகளுக்கும், தளவாய்புரத்தில் நைட்டி தைத்து விற்கிறவர்களுக்கும் லேபிள், அட்டைப்பெட்டி எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பதுதான் அப்போது என் தொழில். வீட்டு முன்னறைதான் ஆபீஸ். புது மானிட்டர் வந்ததும் அதில் படத்தை உண்டாக்குகிற புள்ளிகளை எவ்வளவு நுணுக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவையும் வைத்துவிட்டேன். பொடி எழுத்துகூடத் துல்லியமாக நின்றது. புள்ளி கூடினால் தெளிவு கூடும், இது என் சித்தாந்தம். லேபிள் வாங்க வந்தவர், பால் ஊற்ற வந்தவர், வழி கேட்டு வந்தவர், யாரையும் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. "அவிய கிட்ட தண்ணி வேணுமான்னு கேளுங்க மொதல்ல" என்பாள் என் மனைவி.

இப்படித் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தவனிடம்தான் அத்தான் அந்த சிடித் தட்டோடு வந்து சேர்ந்தார்.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். ஊர் மம்சாபுரம். சவுதியில் வெல்டர் வேலை. ஒரே மகளின் கல்யாணத்துக்கு லீவு தருவதாகச் சொன்ன கம்பெனி கடைசி வாரத்தில் கையை விரித்துவிட்டது. பத்திரிகை கொடுத்தாயிற்று, மண்டபம் பிடித்தாயிற்று, மாப்பிள்ளை வீட்டார் வேன் ஏறத் தயாராகிவிட்டார்கள். தள்ளிப்போட முடியுமா? அத்தானின் தம்பியும் அவர் சம்சாரமும் பெற்றவர்கள் இடத்தில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுத்தார்கள். அக்கா ஓரமாக நின்று முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்பா வரவில்லை என்று தெரிந்த அன்று என் மருமகள் போனில், "நீங்க வராட்டி எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அத்தான் கூப்பிடும்போதெல்லாம், "நல்லா இருக்கேன்ப்பா, அம்மாட்ட குடுக்கேன்." அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. போதாக்குறைக்கு, சொந்தக்காரர் ஒருவர் ஆறுதல் சொல்லுகிறேன் பேர்வழி என்று, "ஒம் மக ஒன்னயத் தேடவே இல்லடே, சிரிச்ச மொகமால்லா இருந்தா" என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். இந்த மாதிரி ஆறுதல் சொல்பவர்களின் வாயில் வெல்டிங் வைக்க வேண்டும்.

சில மாதம் கழித்து ஒருவழியாக லீவு கிடைத்து அத்தான் வந்தார். மகளும் மாப்பிள்ளையும் பூனாவில் இருந்தார்கள். மறுநாள் மதுரையில் ரயில் ஏறி அக்காவும் அவரும் அங்கே போவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் கல்யாண வீடியோவைப் பார்த்துவிட வேண்டும் என்று காலையிலேயே என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வீடியோக்காரர் புது மோஸ்தர் என்று சிடியாகத்தான் கொடுத்திருந்தார். டேப்பைக் கேட்டால், அதில் வேறு கல்யாணம் எடுத்தாயிற்று என்றாராம். சிடி ஓட்டுகிற பிளேயரும் அன்று வாடகைக்குக் கிடைக்கவில்லை, ஊரெல்லாம் முகூர்த்தம். நான்தான் கதி.

அத்தான் அதிர்ந்து பேசாத மனிதர். காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "அவ என்னைய வெறுத்துட்டாளான்னு தெரியல மாப்ள. அந்தக் கல்யாணத்தப் பாக்காம அவ மொகத்துல போய் முழிக்க எனக்குத் தைரியம் இல்ல" என்றார். காபி ஆறிக்கொண்டிருந்தது. "அத்தான், என்கிட்ட வந்துட்டீகள்ல? ஒங்க மகளோட கண் இமையக்கூட எண்ணலாம், பாருங்க" என்றேன்.

அக்கா மஞ்சள் துணியை அவிழ்த்துத் தட்டை எடுத்தாள். நடுவில் குங்குமம்! கல்யாணச் சாமான் ஆயிற்றே என்று சாமி அலமாரியில் வைத்து, பளபளவென்றிருந்த பக்கமாகப் பார்த்துப் பொட்டு வைத்திருக்கிறாள். கம்ப்யூட்டர் அதைப் படிக்கிற பக்கமே அதுதான். "யாராவது மூக்குக்கண்ணாடி வில்லை மேல குங்குமம் வைப்பாங்களாக்கா?" என்று கத்தினேன். "பின்ன, இந்தப் பக்கம் எழுதியிருக்கே, எழுத்து மேலயா வைப்பாக?" என்று திருப்பிக் கத்தினாள். ஈரத்துணியால் பதமாகத் துடைத்து உள்ளே தள்ளினேன். ஓடியது.

முதலில் ஒரு ரோஜாப்பூ விரிந்தது. அதற்குள்ளிருந்து மாப்பிள்ளை தலையும் பெண் தலையும் முளைத்தன. படம் திரையின் நடுவே உள்ளங்கை அளவுக்கு ஓடியது. இதற்காகவா பதினேழு அங்குலம் வாங்கினேன்? "இப்பப் பாருங்க" என்று திரை முழுக்க வரும்படி பெரிதாக்கினேன்.

ஐயோ! மருமகள் முகம் முழுக்கக் கட்டம். அத்தான் கட்டியிருந்த கைலிக்கும் அவள் கன்னத்துக்கும் வித்தியாசம் இல்லை. கழுத்து நகை எல்லாம் மஞ்சள் செங்கல்லாக அடுக்கியிருந்தது. தாலி கட்டுகிற கை எது, மேளக்காரர் கை எது என்று புரியவில்லை.

"ஏலே, எம் பிள்ளைக்கு அம்மை போட்ட மாதிரில்லா இருக்கு! என்னலே பண்ணி வச்சிருக்க அவ மொகத்த?" என்றாள் அக்கா.

"பொறு, வரும்" என்றேன். என்ன வரும் என்று எனக்கே தெரியாது.

ஆசீர்வாதம் வாங்குகிற இடம் வந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒவ்வொருவர் காலாக விழுந்து எழுந்தார்கள். திடீரென்று மருமகள் கேமராவைப் பார்த்து நடந்து வந்தாள். முகம் பெரிதாகப் பெரிதாகக் கட்டமும் பெரிதானது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சிவப்புச் சதுரம் அசைந்தது. மேளச் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒரு மொத்தை கீழே போனது. உடனே படம் ஆட்டம் கண்டு மண்டபத்துக் கூரையைக் காட்டிவிட்டு வேறு இடத்துக்குத் தாவிவிட்டது.

"இந்த இடத்துல என்ன சொல்லுதா?" என்றார் அத்தான்.

அக்காவைப் பார்த்தேன். "நான் அழுதுகிட்டு நின்னேன், எங்க பாத்தேன்" என்றாள். நான் அந்த நேரம் பந்தியில் சாம்பாருக்காகச் சமையல்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். தாய்மாமன் கடமை. என் மனைவிதான் யோசிக்காமல் வாயை விட்டாள். "லைட்ட மூஞ்சியிலயே அடிக்காதீகன்னு கேமராக்காரர ஏசியிருப்பாளோ?"

அத்தானுக்கு முகம் சுண்டிப்போனது. "அன்னைக்கும் அம்புட்டுக் கோவத்துலதான் இருந்திருக்கா" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வினாடி மானிட்டரைத் தூக்கித் தெருவில் போடலாம் போல இருந்தது. விடக் கூடாது, அவள் என்ன சொன்னாள் என்று இவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன். வெளிச்சத்தைக் கூட்டினேன், கட்டம் வெளுத்தது. குறைத்தேன், கட்டம் கறுத்தது. வர்ணத்தைத் திருகினேன், மாப்பிள்ளை பச்சை மிளகாய் ஆனார். "செவப்பக் கூட்டு" என்றாள் அக்கா. "லேசா ஒரு தட்டுத் தட்டிப் பாருங்க" என்றாள் என் மனைவி. "தட்டுறதுக்கு இது என்ன பழைய ரேடியோவா?" என்று சீறினேன்.

இந்த ரகளையைக் கேட்டு எதிர்வீட்டு மேஸ்திரி வந்தார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யார் வீட்டில் டிவி புள்ளி அடித்தாலும் மொட்டைமாடி ஏறி ஆன்டெனாவைத் திருப்பிச் சரி செய்து கொடுக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. திரையை எட்டிப் பார்த்தார். "அட, இதுக்கா இம்புட்டுக் கூப்பாடு? காத்துல திரும்பியிருக்கும். செத்த நேரம் இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் மாடிப்படியில் பாதி ஏறிவிட்டார்.

"மேஸ்திரி, இது தட்டுல இருந்து வருது! ஆன்டெனாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது!" என்று கீழேயிருந்து கத்தினேன்.

"தெரியுதா?" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

"நான் சொல்றது காதுல விழுதா?"

"கொடைக்கானல் டிவி டவர் பக்கமாத் திருப்புதேன். இப்ப வருதா?"

அக்கா எழுந்து வாசலுக்கு ஓடி, "இன்னும் கொஞ்சம் மேக்க!" என்று குரல் கொடுத்தாள். என் வீட்டில் எனக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து வீடியோவில் வெள்ளைச் சுவர் முன்னால் அசையாமல் நின்ற வாழைமரம் வந்தது. அசையாத படம் ஆனதால் அது கொஞ்சம் தெளிவாகவே இருந்தது. "வந்துருச்சு, வந்துருச்சு! அப்படியே பிடிங்க!" என்று அக்கா கூவினாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அத்தான்கூடச் சிரித்துவிட்டார். அன்று காலையிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மேஸ்திரி வெற்றி வீரராக இறங்கி வந்தார். கையில் ஒரு சிடி. நூலோடு தொங்கியது.

"ஏன் தம்பி, இதுவும் அந்த மாதிரித் தட்டுதானே? மேல வத்தல் காயப் போட்ட எடத்துல காக்கா வெரட்டக் கட்டியிருக்கு. ஒருவேள நல்ல தட்ட மேல கட்டிட்டு, காக்காத் தட்டக் கீழ ஓட்டுதீகளோ?"

வாங்கிப் பார்த்தேன். மானிட்டருக்குப் படம் அனுப்புகிற டிஸ்ப்ளே கார்டோடு வந்த சிடி அது. அதில் இருக்கும் டிரைவர் என்ற புரோகிராமைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் அந்தக் கார்டு தன் முழு வேலையையும் செய்யும். எழுத்தும் லேபிளும் அது இல்லாமலே நன்றாகத் தெரிந்ததால் நான் ஏற்றவே இல்லை.

"இத யாரு மேல கட்டுனது?" என்று மனைவி பக்கம் திரும்பினேன்.

"நான்தான். இது எதுக்குன்னு ஒங்ககிட்டத்தான் கேட்டேன். 'ஒண்ணுக்கும் ஆகாது, தூக்கிப் போடு'ன்னீக. காக்காவாவது மதிக்கட்டும்னு கட்டுனேன்" என்றாள். மேஸ்திரி இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார்.

வெயிலில் காய்ந்த தட்டை என் சட்டையிலேயே துடைத்து உள்ளே போட்டேன். மிளகாய் வாசம் அடித்தது. ஆனால் படித்தது! ஏற்றி முடித்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, மறுபடியும் கல்யாணத்தை ஓட்டினேன்.

கட்டங்களின் ஓரம் கரைந்துவிட்டது. முகம் முகமாக வந்தது. ஆனாலும் திரை முழுக்க இழுத்தால் நீரில் நனைந்த காகிதம் போலக் கலங்கித்தான் இருந்தது. அந்தத் தட்டில் பதிந்திருப்பதே சின்னப் படம். தபால்தலையைச் சுவரொட்டி அளவுக்கு இழுத்தால் வேறென்ன ஆகும்? என் திரையில் புள்ளி எவ்வளவு இருந்தாலும் படத்தில் இல்லாததை அது எங்கிருந்து கொண்டு வரும்? இது அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பெரிதாகக் காட்டுவேன் என்று மார் தட்டியவன் சிறிதாக்க மனசு வருமா? இங்கே ஒன்றைத் திருகி, அங்கே ஒன்றை அமுக்கி வியர்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் என் தோளில் கை வைத்தார். "மாப்ள, சின்னதாவே காட்டு. அவ மொகம் தெரிஞ்சாப் போதும் எனக்கு."

அதற்கு மேல் என்ன வீறாப்பு! படத்தைப் பாதித் திரைக்கும் கீழே குறைத்தேன். சுற்றிலும் கறுப்பாக்கினேன். நாற்காலிகளைப் பின்னால் தள்ளிப் போட்டேன். மேஸ்திரி ஜன்னல்களைச் சாத்தினார். அறை இருண்டது. மானிட்டருக்கு நடுவே ஒரு தாம்பாளம் அளவுக்கு என் மருமகள் கல்யாணம் சுடர் மாதிரி நின்றது. பட்டுப்புடவையின் சரிகை தெரிந்தது. நெற்றிச்சுட்டியின் முத்து தெரிந்தது. அக்கா, "என் தங்கமே" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

ஆசீர்வாதம் வந்தது. மாமனார் மாமியார் காலில் விழுந்தார்கள். தாரை வார்த்துக் கொடுத்த சித்தப்பா, சித்தி காலில் விழுந்தார்கள். யாரோ அவளைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். அவள் தலையை ஆட்டி மறுக்கிறாள். சுற்றும் முற்றும் பார்க்கிறாள். பிறகு மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே கேமராவை நோக்கி வருகிறாள். முகத்தில் கோபம் இல்லை. கண் இரண்டும் குளமாக இருக்கிறது, உதட்டில் சிரிப்பு. கேமராவுக்கு ஒரு முழம் தள்ளி நின்று, அதன் கண்ணுக்குள்ளேயே பார்த்து வாயைத் திறக்கிறாள். மேளம் இரைகிறது. ஆனால் உதடு தெளிவாகத் தெரிந்தது. ஒட்டிப் பிரிந்த அந்த உதட்டைப் பார்த்து அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது.

அப்பா.

அதற்குப் பிறகு இன்னும் ஏதோ சொன்னாள். அதை எங்களில் யாராலும் பிடிக்க முடியவில்லை. சொல்லிவிட்டு மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு இரண்டு பேருமாகக் கேமராவின் காலடியில் குனிந்தார்கள். பாவம், வீடியோக்காரர் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்திருக்கிறார். அதுதான் அந்த ஆட்டம், அதுதான் அந்தக் கூரை.

அத்தான் எழுந்து நின்றுவிட்டார். "திரும்பப் போடு மாப்ள" என்றவர், அக்காவிடம் திரும்பி, "அரிசி கொண்டா" என்றார்.

அக்கா அடுப்படிக்கு ஓடினாள். என் மனைவி பின்னாலேயே மஞ்சள்பொடி டப்பாவோடு ஓடினாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தட்டில் அரிசியைப் பிசைந்துகொண்டு வந்தார்கள். மேஸ்திரி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நான் படத்தைப் பின்னுக்கு இழுத்து மறுபடி ஓட்டினேன். அவள் நடந்து வந்தாள். அப்பா என்றாள். குனிந்தாள். மல்லிகைச் சரம் சுற்றிய தலையும், பக்கத்தில் மாப்பிள்ளையின் தலையும் படத்தின் அடியில் வந்த அந்த இடத்தில் நிறுத்தினேன்.

அத்தான் இரண்டு கையாலும் அட்சதையை அள்ளி அந்தத் தலைகள் மேல் போட்டார். "நல்லா இரு தாயி. நூறு வருசம் நல்லா இரு" என்றார். அரிசி கண்ணாடியில் பட்டுச் சிதறியது. மானிட்டரின் மேல்துளைகள் வழியாக உள்ளே சலசலவென்று இறங்கியது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், இவன் இப்போது என்ன கத்து கத்தப் போகிறானோ என்று.

"இன்னும் போடுங்க அத்தான்" என்றேன்.

அவர் போட்டுக்கொண்டே இருந்தார். அவர் கை ஓய்கிற வரைக்கும் நான் படத்தை ஓடவிடவில்லை.